எவ்ராரின் இரண்டாவது கட்டு

எவ்ராரைப் பற்றி எழுத வேண்டியவர்கள் செங்கதவு விடுதியின் ஆசிரியர்கள். அவர்கள் எழுதமாட்டார்கள். விடுதிப் பட்டியலில் அவன் பெயர் மேல் கோடு இழுத்தாகிவிட்டது. அதனால் நான் எழுதுகிறேன். நான் ரெனோ, பாரிசில் எழுத்துத் தோல் செய்பவன், ஆட்டுத் தோலைச் சீவி எழுதும் ஏடாக்குவது என் தொழில். என் தகப்பன் பிரி நாட்டில் அடுத்தவன் ஆட்டை மேய்த்துச் செத்தவன். நான் தோல் சீவும் பிறைக் கத்தி ஒன்றோடு இந்த ஊருக்கு நடந்து வந்தேன். இன்று ஆற்றின் தென்கரையில் வெள்ளைத் தோல் வேண்டும் என்று கேட்டால் கழுதைக்காரன்கூட என் கடைக்குத்தான் வழி காட்டுவான். மடத்துச் சாமியார்கள் என் வாசலில் நின்று வாங்கிப் போகிறார்கள். யாருடைய சிபாரிசும் இல்லாமல் வந்தது இது. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமில்லை. எழுத்து மட்டும் ஐம்பது வயதுக்கு மேல்தான் கற்றேன், அதுவும் எங்கள் பேச்சு மொழியில். லத்தீன் இன்றும் தெரியாது. பிழை இருந்தால் படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எவ்ரார் ஆராஸ் ஊரான். நெசவாளி வீட்டில் மூன்றாவது பிள்ளை. பதினாறு வயதில் கால்நடையாக பாரிசுக்கு வந்தான். நான் சொல்லும் காலத்தில் அவனுக்கு முப்பத்தொன்று. நடுவில் இருந்த வருடங்கள் முழுக்கப் பிறருக்காக நூல்களைப் பிரதி எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டே படித்தான். எழுதி எழுதி இடது தோள் சரிந்துபோயிருந்தது. இறகுப் பேனாவின் பின்பக்கத்தை மென்று மென்று கோழி கொத்தியதுபோல் ஆக்கிவிடுவான். செங்கதவு விடுதியில் அவன் ஊர்ப்பக்கத்து ஏழைப் பிக்கார்தி மாணவர்களுக்கு என்று விட்டிருந்த படுக்கைகளில் ஒன்று அவனுடையது. கூரை ஒழுகும் மூலை. அதனால் தன் ஏடுகளை என் கடையில் வைத்திருந்தான். பகலில் பெரும்பாலும் என் கடையிலேயே உட்கார்ந்து எழுதுவான்.

அவன் ஸ்காட்லாந்து சகோதரரின் பள்ளியைச் சேர்ந்தவன். அந்தச் சகோதரர் சாம்பல் அங்கிச் சபைத் துறவி. நான் சொல்லும் காலத்துக்கு ஒன்பது வருடம் முன்பே கொலோன் நகரில் செத்துப்போனார், நான் பார்த்ததில்லை. ஆனால் அவர் வழியில் வாதிடுகிறவர்கள் எங்கள் தெருவில் தடுக்கி விழும் அளவுக்கு இருந்தார்கள். கறுப்பு அங்கிச் சபைத் துறவிகள் இன்னொரு பள்ளி. இரண்டு கூட்டமும் சந்தித்தால் மீன்காரிகள்கூட ஒதுங்கி வழி விடுவார்கள்.

இவர்கள் எழுதும் முறை ஒன்று உண்டு, அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது. ஒரு கேள்வியை எடுத்தால், தான் நம்புவதை முதலில் எழுதமாட்டார்கள். எதிராளி என்ன சொல்வானோ அதைத்தான் முதலில் எழுதுவார்கள், அவனே பேசுவதுபோல. அது முடிந்த பிறகுதான் தன் பதில். எல்லாரும் எதிராளிக்கு இரண்டு வரி, மூன்று வரி என்று பிச்சை போடுகிறாற்போல் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். எவ்ராரால் அப்படி முடியாது. எதிராளியை நன்றாகச் சாப்பிட வைத்து, சட்டை மாட்டி, கையில் கத்தியும் கொடுத்துத்தான் சண்டைக்கு இழுப்பான்.

கடைத்தெருவிலும் இதே குணம்தான். ஒருமுறை என் மனைவி பெரோனெல் அவனை உப்புமீன் வாங்க அனுப்பினாள். போனவன் சொன்ன விலைக்குமேல் கொடுத்துவிட்டு வந்தான்.

“ஏன்டா கூடக் குடுத்த?” என்றாள்.

“அந்தம்மா பக்கத்த யோசிச்சுப் பாத்தேன் அண்ணி. மழையில படகே வரல. உப்பு வில ஏறிப்போச்சு. அவங்களுக்கு அதச் சரியாச் சொல்லத் தெரியல. நான் எடுத்துச் சொன்னேன். ‘அட, ஆமால்ல’ன்னு வெலய ஏத்திட்டாங்க.”

“உன்ன வித்துட்டு மீன் வாங்கியிருக்கலாம். வந்து உக்காரு. உன் தத்துவம் ஆறினா ஒண்ணுமில்ல, பட்டாணிக் கஞ்சி ஆறிடும்.”

அவை பெருமழை வருடங்கள். மூன்று கோடையாக வெயில் இல்லை. கோதுமை நின்றபடியே அழுகியது. ஆடுகளுக்கு நோய் வந்து மந்தை மந்தையாக விழுந்தன. நோயில் செத்த ஆட்டின் தோலில் எழுத்து நிற்காது, மை பரவும். நல்ல தோல் கிடைத்தாலும் மரச்சட்டத்தில் கட்டிக் காயவைக்க வெயில் வேண்டுமே. தெருவில் பாதிக் கடை மூடிவிட்டது. என் கடை மூடவில்லை. எழுதித் தூக்கியெறிந்த பழைய ஏடுகளை வாங்கி, பாலிலும் தவிட்டிலும் ஊறவைத்து, நுரைக்கல்லால் தேய்த்து, சுண்ணப்பொடி பூசிப் புதிதாக்கி விற்றேன். எல்லாரும் இதைச் செய்தார்கள். ஆனால் மற்றவர்கள் தேய்த்த ஏட்டை வெளிச்சத்தில் பிடித்தால் பழைய எழுத்து பேய்போல நிற்கும். என் ஏட்டில் நிற்காது. அந்தக் கைவேலை என்னைத் தவிர யாருக்கும் வரவில்லை.

இரண்டாவது மழை வருடத்தின் மாசியில் என் மகள் மாரோத் செத்தாள். நான்கு வயது. காய்ச்சல் வந்து நான்கு நாள். ஈரத் தோலைச் சட்டத்தில் கட்டியிருந்தால் கையை அதன்மேல் வைத்து அழுத்திவிட்டு ஓடுவாள். ஐந்து விரலும் தோலில் பதிந்துவிடும். எத்தனையோ தடவை அடித்திருக்கிறேன்.

பங்குச் சாமியார் நல்ல மனிதர். அடக்கம் முடிந்ததும் என் தோளைத் தட்டி, “அழாதே ரெனோ, அவள் இப்போது சிறுபிள்ளைகள் கூட்டத்தில் ஆண்டவர் பக்கத்தில் இருக்கிறாள்” என்றார். அந்த ‘கூட்டத்தில்’ என்ற சொல் என்னை விடவில்லை. அந்த வருடம் எத்தனை பிள்ளைகள் செத்தார்கள். குழியில் வரிசையாகப் போட்டார்கள். அத்தனை பேரில் இவள் யார் என்று அங்கே யாருக்குத் தெரியும்?

ஒருநாள் தோல் சீவிக்கொண்டிருந்தபோது இதை எவ்ராரிடம் சொல்லிவிட்டேன். நான் யாரிடமும் மனசைத் திறக்கிறவன் இல்லை. அவன் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினான். எழுந்து வந்து, கொடியில் தொங்கிய இரண்டு தோல்களைக் காட்டினான்.

“அண்ணே, இந்த ரெண்டும் எங்க வாங்கினீங்க?”

“ஒரே ஆட்டோட ரெட்டக் குட்டி. ஒரே நாள்ல அறுத்தது.”

“ஒரே எடை, ஒரே நிறம். கண்ணக் கட்டிட்டு ஒண்ண உங்க கையில குடுத்தா எதுன்னு சொல்லுவீங்களா?”

“தூக்கத்துல குடுத்தாலும் சொல்லுவேன்.”

“எத வச்சுச் சொல்வீங்க?”

யோசித்தேன். “எத வச்சும் இல்ல. இது இது. அது அது. அவ்ளோதான்.”

அவன் சிரித்தான். அவன் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. “இதச் சொல்லத்தான் எங்க சகோதரர் ஒரு ஆயுசு எழுதினாரு. நீங்க தோல் சீவிக்கிட்டே சொல்லிட்டீங்க. மனுசன்ங்கிறது எல்லாருக்கும் பொது. பிள்ளைங்கிறதும் பொது. அதுக்குமேல ஒவ்வொண்ணுலயும் கடைசியா ஒண்ணு இருக்கு, இன்னதுன்னு வேற பேரு வைக்க முடியாதது, ‘இது’ன்னு மட்டும்தான் சொல்லலாம். ஆண்டவர் அதத்தான் பாத்துப் படைக்கிறாரு. கூட்டத்தப் படைக்கலண்ணே. மாரோத்தப் படைச்சாரு. மாரோத்தத்தான் தெரியும் அவருக்கு.”

“இது உறுதியா? இல்ல என்னச் சமாதானம் பண்றியா?”

“உறுதி. நான் இப்ப எழுதுறதே அந்தக் கேள்விதான், ‘ஆண்டவருக்குத் தனித்தனி ஆள் தெரியுமா’ன்னு. இதுல ஜெயிச்சா அடுத்த வருசம் நானே பாடம் சொல்லலாம். உதாரணத்துக்கு எல்லாரும் சாக்ரடீஸ்னு போடுவாங்க. நான் மாரோத்னு போடுறேன்.”

“சாக்ரடீஸ் யாரு? எந்தத் தெரு?”

“செத்துப்போன கிரேக்கர் ஒருத்தர். அவரு கோவிச்சுக்க மாட்டாரு.”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சுண்ணப்பொடி கண்ணில் விழுந்துவிட்டது என்று சொன்னேன்.

அதை எழுத அவனுக்கு ஒன்றரை வருடம் ஆனது. முதல் கட்டு எட்டு ஏடு, முழுக்க எதிராளியின் வாதங்கள். இரண்டாவது கட்டு எட்டு ஏடு, அவன் பதில். அந்த ஏடுகளை நான்தான் கொடுத்தேன், என் கையால் பொறுக்கி எடுத்து. விடுதியில் ஒரு விதி இருந்தது. ஆசிரியர்கள் முன் வாதிட நிற்கிறவன் ஏழு நாள் முன்னதாகத் தன் ஏடுகளை விடுதித் தலைவரிடம் கொடுத்துவிட வேண்டும். ஒரு திங்கட்கிழமை எவ்ரார் முதல் கட்டைக் கொடுத்தான். இரண்டாவதில் சில திருத்தம் பாக்கி. ஏழு நாள் இருக்கிறதே, வியாழனுக்குள் தருகிறேன் என்று தலைவரின் எழுத்தரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

அந்தத் திங்கட்கிழமை எனக்கு மூச்சுவிட நேரமில்லை. இரண்டு நாளில் சேன் தெனி சந்தை. பல்கலைக்கழகமே ஊர்வலமாக வந்து வருடத்துக்கு வேண்டிய தோலை வாங்குகிற சந்தை அது. என் பெயர் அங்கே நிற்க வேண்டும். எவ்ராரின் இரண்டாவது கட்டு ஓரம் சுருண்டிருந்ததால் அவன் அதைத் தட்டைக்கல்லின் கீழ் வைத்துவிட்டு விடுதிக்குப் போயிருந்தான். தேய்க்க வேண்டிய பழைய ஏடுகளையும் நான் அந்தக் கல்லின் கீழ்தான் வைப்பேன்.

எனக்கு அப்போது ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் முப்பது வருடத் தொழிலில் ஒரு கணக்கு வைத்திருந்தேன். முக்கியமான எழுத்து என்றால் தலையில் சிவப்பு மை எழுத்து பெரிதாக இருக்கும். அது இல்லாதது மாணவர்களின் கிறுக்கல். அந்தக் கணக்கு அதுவரை ஒருமுறையும் தவறவில்லை. எவ்ராரின் இரண்டாவது கட்டு கேள்வியின் நடுவிலிருந்து தொடங்குவது, சிவப்பு எழுத்து முதல் கட்டின் தலையில்தான் இருந்தது. கல்லைத் தூக்கினேன். எடுத்தேன். பால் தொட்டியில் போட்டேன். மறுநாள் காலையில் தேய்த்தேன். நல்ல தோல், என் தோல்தானே, அழகாக வெளுத்தது. தேய்க்கும்போது நான் ஏதோ பாட்டுக்கூட முணுமுணுத்ததாக ஞாபகம்.

செவ்வாய் மதியம் அவன் வந்து கல்லைத் தூக்கிப் பார்த்தான்.

“அண்ணே, இங்க ஒரு கட்டு வச்சேனே.”

அந்த நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. கொடியில் அந்த எட்டு ஏடும் அவன் தலைக்குமேல்தான் காய்ந்துகொண்டிருந்தன.

“தேடிப் பாக்குறேன்டா. சந்த வேல. எங்கயாவது மாறியிருக்கும்” என்றேன்.

புதன்கிழமையும் கேட்டான். சந்தைக்குக் கிளம்புகிற அவசரத்தைச் சாக்கு வைத்து அதையே சொன்னேன். பல்கலைக்கழகத்திடம் சத்தியம் செய்து கொடுத்த தோல்காரன் நான். படிப்பாளியின் எழுத்துக்குச் சேதம் செய்தால் அந்த இடம் போய்விடும். ஆட்டுக்காரன் மகன் முப்பது வருடத்தில் சேர்த்ததெல்லாம் அந்தச் சத்தியத்தின் மேல் நின்றது. பயந்தேன். வாழ்க்கையில் நான் பயந்து செய்த காரியம் அது ஒன்றுதான். சந்தையில் அன்றைக்கு என் தோல்தான் முதலில் விற்றது. அந்த எட்டு ஏட்டை மட்டும் விற்க மனம் வரவில்லை, திரும்பக் கொண்டுவந்தேன்.

வியாழன் காலை அவனை உட்காரவைத்து, எட்டு ஏட்டையும் அவன் மடியில் போட்டுச் சொன்னேன். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் முதல் ஏட்டைத் தடவிப் பார்த்தான்.

“நல்லா வெளுத்திருக்கு” என்றான். பிறகு, “நான் வச்ச இடம் தப்புண்ணே. உங்களுக்கு எப்படித் தெரியும்” என்றான். அப்போதும் என் பக்கத்து வாதத்தைத்தான் எடுத்துச் சொன்னான்.

“திரும்ப எழுத முடியுமா?”

“முடியும். நாலு நாள் இருக்கு. தூங்காம எழுதினா முடியும்.”

மைக் கொம்பைத் திறக்கும்போது விடுதி வேலைக்காரன் வாசலில் வந்து நின்றான். தலைவர் கோஸ்வின் உடனே வரச் சொன்னார் என்றான்.

கோஸ்வின் கறுப்பு அங்கிக்காரர்களின் பள்ளியில் படித்தவர். கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். முதல் கட்டை அவர் மூன்று நாளில் இரண்டு தடவை படித்திருக்கிறார். ஆண்டவருக்குத் தனி ஆள் தெரியாது என்பது பாரிசில் எப்போதோ தடைசெய்யப்பட்ட கருத்து. அதை இவன் எட்டு ஏட்டில் எழுதியிருக்கிறான். இதெல்லாம் எதிராளியின் வாதம், என் பதில் வேறு கட்டில் என்று எவ்ரார் சொல்லியிருக்கிறான். எங்கே அந்தக் கட்டு என்றால், தொலைந்துவிட்டது என்று மட்டும் சொன்னானாம். என் பெயரைச் சொல்லவில்லை. இனி எழுதுகிறேன் என்றதற்கு, விசாரணைக்குக் கூப்பிட்ட பிறகு எழுதுவது சாட்சியாகாது என்று தள்ளிவிட்டார்கள்.

அவன் திரும்பி வந்து இதைச் சொன்னதும் நான் முழுக்கை அங்கியை மாட்டிக்கொண்டேன்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றாள் பெரோனெல்.

“உண்மையச் சொல்லப் போறேன்.”

“செவ்வாக்கிழமயே போயிருக்கணும்” என்றாள். அவள் அப்படித்தான், ஒரே வரியில் வெட்டுவாள்.

எவ்ரார் வேண்டாம் என்று கையைப் பிடித்தான். நான் உதறிவிட்டுப் போனேன். போகும்போது எனக்கு ஒரு நம்பிக்கை. இந்த ஊரில் ரெனோவின் சொல்லுக்கு எடை உண்டு. நான் போய் நின்றால் முடிந்துவிடும்.

விடுதிக் கூடத்தில் கோஸ்வினும் இன்னும் இரண்டு ஆசிரியர்களும் இருந்தார்கள். எட்டு வெள்ளை ஏட்டையும் மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னேன். என் இடம் போனாலும் சரி, இவன் பதில் இதில்தான் இருந்தது என்றேன்.

கோஸ்வின் பொறுமையாகக் கேட்டார். “ரெனோ, நீர் நேர்மையான ஆள், தெரியும். இதில் என்ன எழுதியிருந்தது?”

“ஆண்டவருக்கு ஒவ்வொருத்தரையும் தனியாத் தெரியும்னு எழுதியிருந்துதுங்க.”

“வாசிச்சீரா?”

“எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. எவ்ரார் சொன்னான்.”

“ஆக, அவன் என்ன எழுதினான் என்பதற்கு சாட்சி அவன் உம்மிடம் சொன்னது.”

பக்கத்திலிருந்த ஆசிரியர், “அடுத்த வாரம் கசாப்புக்காரர் வந்து திரித்துவத்தப் பத்திச் சாட்சி சொல்லுவார்” என்றார். மற்றவர் சிரித்தார்.

கோஸ்வின் சிரிக்கவில்லை. ஓர் ஏட்டை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளிச்சத்தில் பிடித்தார், திருப்பினார், சாய்த்தார். ஒரு வரியின் நிழல் கிடைத்தால்கூடப் போதும் என்று அவரே தேடியதுபோல்தான் எனக்குப் பட்டது. எட்டு ஏட்டையும் பார்த்தார். எங்கள் தெருவில் வேறு எவன் தேய்த்திருந்தாலும் நாலு வரியாவது தெரிந்திருக்கும்.

“ஒண்ணுமே இல்ல” என்றார். “அருமையான வேலை, ரெனோ.”

முப்பது வருடம் அந்தச் சொல்லுக்காகத்தான் உழைத்தேன்.

“ஐயா, எதிராளி வாதத்த முதல்ல எழுதுறது உங்க எல்லாருக்கும் வழக்கந்தானே” என்று கெஞ்சினேன்.

“வழக்கம். மூணு வரி. எட்டு ஏடு இல்ல. எதிரிக்கு இவ்வளவு நல்ல வீடு கட்டுறவன் அதில குடியிருக்கிறவனாத்தான் இருக்கணும்.”

ஆனால் அவர் ஒரு வழியும் வைத்தார். எவ்ரார் ஆசிரியர்கள் முன் நின்று, ‘இந்தக் கருத்தை நான் கைவிடுகிறேன்’ என்று ஒரு வரி வாசித்தால் போதும். விடுதியில் இருக்கலாம். இரண்டு வருடம் கழித்து மறுபடி வாதிட நிற்கலாம்.

ஓடிவந்து சொன்னேன். எவ்ரார் தலையை ஆட்டினான்.

“முடியாதுண்ணே.”

“ஏன்டா முடியாது? நீ அத நம்பலதானே? நம்பாதத விட்டுட்டேன்னு சொல்றதுல என்ன நட்டம்?”

“குடியிருந்த வீட்டத்தான் காலி பண்ண முடியும். விடுறேன்னு சொன்னா வச்சிருந்தேன்னு ஆகுது. பைபிள் மேல கை வச்சுச் சொல்லணும். ஆண்டவருக்கு மாரோத்தத் தெரியாதுன்னு ஒரு நாளாவது நான் நினைச்சேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?”

“மாரோத்துக்காகச் சொல்றேன், வாசிச்சிடு.”

“அவளுக்காகத்தான் வாசிக்க மாட்டேங்கிறேன்.”

பெரோனெல் உள்ளே போய்விட்டாள்.

மறு திங்கட்கிழமை அவனை நிற்க விடவில்லை. பெயரை எடுத்தார்கள். படுக்கையையும் எடுத்தார்கள். என் மாடியில் இருந்துகொள் என்றேன். பாட மணி அடிக்கிற தெருவில் இருக்க முடியாது அண்ணே என்றான். ஆராசுக்குத் திரும்பும் கம்பளி வண்டி ஒன்று வியாழன் மதியம் கிளம்புவதாக இருந்தது. ஊரில் போய்ச் சந்தையில் கடுதாசி எழுதிப் பிழைப்பதாகச் சொன்னான்.

கிளம்பும் நாளில் காலையிலேயே வந்தான். மழை விட்டிருந்தது. பெரோனெல் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் துணியில் கட்டிக்கொண்டிருந்தாள். நான் அவனிடம் ஒன்று கேட்டேன். எழுத நேரமில்லை, சரி. வாயால் சொல்லு. ஆண்டவருக்கு மாரோத்தைத் தெரியும் என்பது எனக்குத் தெரியும், அது முடிவு. அதைப் பங்குச் சாமியாரும் சொல்வார். எப்படித் தெரியும் என்று நீ காட்டினாயே எட்டு ஏட்டில், அந்த வழியைச் சொல்லு. நான் அழித்ததை எனக்குத் தெரிய வேண்டும்.

அவன் முகம் தெளிந்தது. தோள் நிமிர்ந்து, பாடம் சொல்லப் போகிறவனைப்போல உட்கார்ந்தான். அவன் ஆசிரியராக இருந்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

“முதல் எதிர்வாதம்” என்று தொடங்கினான்.

“அதெல்லாம் வேண்டாம்டா. பதிலச் சொல்லு.”

“அது இல்லாம பதில் நிக்காதுண்ணே. எதத் தள்ளுறோம்னு தெரிஞ்சாத்தான் எவ்வளவு பலம் வேணும்னு தெரியும். மூணே மூணு. கேளுங்க.” குரலை மாற்றிக்கொண்டான். எதிராளியாக ஆகிவிட்டான். “நாம ஒண்ணத் தெரிஞ்சுக்கிறது அதோட வகையாலதான். குதிரைன்னு தெரியுது, பிள்ளைன்னு தெரியுது. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைகிட்டேருந்து பிரிக்கிறது என்ன? சதையும் மண்ணும். மண்ணுல தெரிஞ்சுக்க ஒண்ணுமில்ல, அது இருட்டு. ஆண்டவரோட அறிவு சுத்த வெளிச்சம். அது ஏன் இருட்டப் பாக்கணும்? பிள்ளைங்கிறது அவருக்குத் தெரியும். மாரோத்ங்கிறது அவருக்குத் தெரிய வேண்டியதில்ல.”

எனக்கு உள்ளே எரிந்தது. பொறுத்துக்கொண்டேன்.

“ரெண்டாவது. ஆண்டவர் மாறாதவர். மாரோத் இல்லாம இருந்தா, வந்தா, போயிட்டா. அவளத் தெரிஞ்சிருந்தா, அவ இருக்கும்போது ஒருமாதிரியும் போனப்புறம் வேறமாதிரியும் அவரோட அறிவு மாறியிருக்கணும். மாறாது. அதனால அவ இருந்தப்பவும் அவருக்குத் தெரியல, இல்லாதப்பவும் தெரியல. அவ வந்ததும் போனதும் அங்க ஒரு சலனமும்...”

“போதும், நிறுத்து.”

“அண்ணே, இன்னும் ஒண்ணுதான். மூணாவதுதான் ரொம்பப் பலமானது, அதுக்கப்புறம்...”

“என் வீட்டுல உக்காந்துகிட்டு என் பிள்ளையத் தெரியாது, தெரியாதுங்கிற. கோஸ்வின் சொன்னது சரிதான்டா. இவ்ளோ நல்லாச் சொல்றவன் நம்பாமச் சொல்ல முடியாது.”

சொல்லிவிட்டேன். நான் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டேன். சட்டத்தில் ஒரு தோல் கட்டியிருந்தது. கத்தியை எடுத்துச் சீவினேன். தோல் கிழிந்தது. அவ்வளவு நாள் தொழிலில் என் கையில் தோல் கிழிந்தது அன்றுதான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மதிய மணி அடித்தது. உள்ளே வந்தால் பெரோனெல் மட்டும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“போயிட்டான்” என்றாள்.

“மிச்சத்த உன்கிட்டச் சொன்னானா?”

“உங்ககிட்டச் சொல்லத்தானே வந்தான்.”

ஊரின் வடக்கு வாசல்வரை ஓடினேன். அந்த வயதிலும் இளவட்டங்கள் ஒதுங்கும்படி ஓடக்கூடியவன் நான். கம்பளி வண்டி போய்விட்டது. துரத்திப் போயிருக்கலாம், சேறு, மாடு மெதுவாகத்தான் இழுக்கும். அடுத்த வாரம் ஆள் அனுப்பி மன்னிப்புக் கேட்கலாம் என்று திரும்பிவிட்டேன். பத்து நாள் கழித்து அந்த வண்டிக்காரனே என் கடைக்கு வந்தான். ருவா ஊர்ச் சத்திரத்தில் காய்ச்சலில் படுத்து மூன்றாம் நாள் எவ்ரார் செத்துப்போனான் என்றான். பசி வருடம், வழியில் இப்படிப் பலர் செத்தார்கள். கடைசியில் ஏதாவது சொன்னானா என்று கேட்டேன். தன்னால் வண்டி தாமதமாகிறதே என்று வண்டிக்காரனுக்காக வருத்தப்பட்டானாம், நல்ல பிள்ளை என்றான்.

என் இடத்தை யாரும் பறிக்கவில்லை. கோஸ்வின் என்னைப் பற்றி மேலே சொல்லவேயில்லை. அடுத்த வருடச் சந்தையிலும் என் தோல்தான் முதலில் விற்றது.

பிற்பாடு சாம்பல் அங்கிக்காரர்களின் மடத்துக்குப் போனேன், அங்கே எவ்ராரின் பள்ளிக்காரர்கள் இருந்தார்கள். வயதான சகோதரர் ஒருவர் அன்பாக உட்காரவைத்து ஒருமணி நேரம் விளக்கினார். சாக்ரடீஸ், சாக்ரடீஸ் என்று சொன்னார். எனக்கு ஏறவில்லை. அதன் பிறகுதான் எழுத்துக் கற்றுக்கொண்டேன், ஆறு மாதம் ஆனது. கற்றும் வாசிக்க அந்த எட்டு ஏட்டில் எதுவும் இல்லை. என் கைவேலை அப்படி.

அவன் சொன்ன முதல் எதிர்வாதம் எனக்கு ஒரு சொல் பிசகாமல் மனப்பாடம். இரண்டாவதும் அப்படியே. பூசையில் நிற்கும்போது அவை இரண்டும் தாமாக ஓடும். அவன் குரலில்தான் ஓடும். மூன்றாவது என்னவென்று எனக்குத் தெரியாது. அதைக் கேட்கப் பொறுத்திருந்தால் அதற்கு அடுத்ததையும் கேட்டிருப்பேன்.